ஐந்து கேலரி, ஒரு பின்வாசல்

கேரம் கிளப்பின் அரையிறுதி சனிக்கிழமை நாலரை மணிக்கு. அதில் ஆடியே தீருவது என்று மீட்டர்காரர் முடிவுகட்டிவிட்டார். முடிவுகட்டுவதில் ஒன்றும் கஷ்டமில்லை. மனைவி ஒருத்தி இருக்கிறாளே!

வீட்டில் கேரத்துக்குத் தடை. போன மாதம் மூன்று பெட்டிகளோடு ரயிலைவிட்டு இறங்கிய மனைவியை அழைத்துவர மறந்து, மனுஷன் கிளப்பில் காய் சுண்டிக்கொண்டிருந்தார். அன்றே தீர்ப்பு வந்துவிட்டது.

"இன்னொரு தடவை காயைத் தொட்டீங்க, அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கண்ணனோடதான்."

அண்ணன் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். நீங்கள் தும்மினால்கூட எப்படித் தும்ம வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். அவரோடு ஒரு சனிக்கிழமையைக் கழிப்பதற்குப் பதிலாக மீட்டர்காரர் எல்லா நாளும் வேலைக்கே போய்விடுவார்.

வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்க்கிறவருக்கு ஊரில் தெரியாத பின்வாசல் கிடையாது. கிளப் இருக்கும் சந்தில்தான் ஒரு நவீன ஓவியக் கேலரியின் பின்வாசலும் திறக்கிறது. அந்த வாசலுக்கு உள்பக்கம் ஓர் இருட்டறை. அறையில் எந்நேரமும் வீடியோ. புதன்கிழமை மீட்டர் பையோடு போய், கதவுக்கு எத்தனை எட்டு என்று எண்ணிவிட்டு வந்தார். பதினொன்று.

"டாக்டர் நடக்கச் சொன்னார்ல? வழி போட்டுட்டேன்" என்று மனைவியிடம் பென்சில் வரைபடத்தை நீட்டினார். "அஞ்சு கேலரி. மூணு கிலோமீட்டர். கலைக்குக் கலை, நடைக்கு நடை."

"காலண்டரையே தலைகீழா மாட்டினவராச்சே நீங்க?"

"நவீன ஓவியம்னா அதுதான்."

"திடீர்னு எங்கிருந்து வந்துச்சு இந்த ஞானம்?"

"வரக் கூடாதா? வயசாகுதுல்ல!"

அந்த அம்மாள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வரைபடத்தை மேலும் கீழும் இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மீட்டர்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கிளம்பினார்கள். முதல் கேலரியில் வெள்ளைத் துணியில் வெள்ளைச் சாயம். இரண்டாவதில் கூரையிலிருந்து நாற்பது வாளிகள் தொங்கின. மூன்றாவதில் ஒரு செங்கல், அதற்கு ஒரு காவலாளி. மனைவி ஒவ்வொன்றின் கீழும் இருந்த குறிப்பை வரி விடாமல் படித்தாள். மீட்டர்காரருக்கு எண் இல்லாத எதையும் படிக்கும் பழக்கமில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் படித்தார்.

நாலு இருபதுக்கு நாலாவது கேலரி. இருட்டறையில் சுவர் அகலத்துக்குத் திரை. அதில் ஏதோ ஒரு சந்து. பத்துப் பதினைந்து பேர் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதை முக்கால் மணி நேரமாவது பாக்கணும். அப்பதான் உள்ளே இறங்கும்" என்றார்.

"நீங்க?"

"முதுகு பிடிச்சிருக்கு. பின்னாடி நின்னு பாக்கறேன்."

பதினோரு எட்டு. வெளியே வந்துவிட்டார்!

கிளப்பில் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் பலகை போட்டிருந்தார்கள். அவருக்கு ஜோடி டெய்லர். முதல் ஆட்டம் கைக்கு வந்தது. இரண்டாவதில் ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவைக் கோட்டைவிட்டார். டெய்லர் முறைத்தார். மூன்றாவதில் தட்டுத்தடுமாறி ஜெயித்து, இறுதிப் போட்டிக்கும் போயாயிற்று. ஐந்து ஐந்துக்கு மூச்சு வாங்க வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். எமனை ஏமாற்றியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

"படம் எப்படி?" என்றாள் மனைவி.

"அடடா! ஆழம்!"

"எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?"

"நடுவுல ஒரு அமைதி வருது பாரு, அது."

"நீங்க ஃபாலோவைக் கோட்டை விட்டப்பவா? இங்க யாரும் அமைதியா இல்லையே. மொத்தப் பேரும் 'ச்சே'ன்னாங்க."

மீட்டர்காரர் அந்தத் திரையை அப்போதுதான் முதல்முறையாக உற்றுப் பார்த்தார். அதே சந்து. அதே ஜன்னல். உள்ளே டெய்லர் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாசல்லயே போட்டிருக்கே, 'பின்சந்து: நேரலை'ன்னு. படிக்கலையா?"

அவர் எங்கே படித்தார்!

திரையில், சந்து முனையிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓர் ஆள் வந்தார். டிரில் மாஸ்டர். நேராகக் கிளப்புக்குள் போனார்.

"நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன்" என்றாள் மனைவி.

"ஐயோ, என்னை இழுத்துட்டுப் போகவா? ஃபைனலுக்கு வந்திருக்கேன்மா. இந்த ஒரு தடவை மன்னிச்சுடு!"

"யார் வேண்டாம்னா? இவ்வளவு கஷ்டப்பட்டு ஜெயிச்சிருக்கீங்க. தாராளமா ஆடுங்க."

மீட்டர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனைவியையா ஏமாற்றப் பார்த்தோம் என்று உண்மையிலேயே வெட்கப்பட்டார். ஜன்னலில் கிளப் செக்ரட்டரி டிரில் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன பேசறாங்க?" என்றார்.

"எங்கண்ணன்தான் இனிமே உங்களுக்கெல்லாம் கோச்."