ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி

இந்த வருஷம் மரங்களைக் காப்பாற்றியே தீருவது என்று வெர்லின் சபதம் எடுத்தார். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அந்த ஏரிக்கரை பூராவும் அவருடைய மரபக்தியை மெச்சியது. பக்தியாவது, மண்ணாவது! விஷயமே வேறு.

அவர் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் வரிசையாக நீல ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரங்கள். அடிக்கிளைகள் புல்லில் புரளும். அவற்றுக்குப் பின்னால் ஒரு சிவப்பு நாற்காலி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், "படகுத்துறையைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினால் அதில்தான் போய் விழுவார். தண்ணீர் கரையோடு ரகசியம் பேசும். எங்கோ ஒரு லூன் பறவை இழுத்துக் கூவும். பிசின் வாசனையில் கண் தானாகச் சொருகும். கனவில் வெர்லினே படகாகி, துடுப்பில்லாமல் மிதந்துகொண்டிருப்பார். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்க்கிற மனைவி ஆர்டிஸுக்குப் பச்சைச் சுவர்தான் தெரியும். ஆகா, சொர்க்கம்!

அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தது.

"வெர்லின்! மரத்துக்குப் பின்னாடி என்னவோ செவப்பா தெரியுதே?"

"சூரியனா இருக்கும், ஆர்டிஸ்."

"நட்ட நடு மத்தியானத்துலயா? புல்லுக்கு ரெண்டடி மேலயா?"

"மேகமூட்டம்... அப்படித்தான் தெரியும்."

"ம்ம். கொஞ்சம் வித்தியாசமான சூரியன்தான்" என்றாள் ஆர்டிஸ். மின்னசோட்டாக்காரர்கள் இதற்கு மேல் கடுமையாகத் திட்ட மாட்டார்கள். வெர்லினுக்கு வியர்த்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தார். அடிக்கிளைகளின் உள்பக்கத்து ஊசி இலைகள் பழுப்பாகி, பொலபொலவென்று கொட்டிக்கிடந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஊசியிலும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை! பாழாய்ப்போன பூஞ்சைக்குத் திங்க வேறு இடமா கிடைக்கவில்லை?

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் போதும், குழாயைப் பிடித்து மரங்களைத் தலையோடு குளிப்பாட்டினார். வெயில் சாயும் நேரத்தில் நீர்த்திவலைக்குள் குட்டி வானவில் எழும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால், கிளைகள் பழையபடி அடர்ந்து, நாற்காலி அதற்குள் அமிழ்ந்து, அவரும் அமிழ்ந்து... ஷூவுக்குள் தண்ணீர் போன பிறகுதான் முழிப்பு வரும்.

பக்கத்து வீட்டு டுவேன் ஒருநாள் காப்பிக்கு வந்தான். மரம் வெட்டிப் பிழைத்தவன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"யோவ் வெர்லின், பூஞ்சைக்கு விருந்தா வச்சிட்டிருக்கே?"

"நான் மரத்தைக் கவனிக்கறேன்யா!"

"இலையை நனைச்சா நோய் இன்னும் பரவும். தண்ணியை வேருக்கு விடு. புதுத்துளிர் பாதி வளர்ந்திருக்கு பாரு, தாமிர மருந்து அடிக்க இதான் நேரம்."

"அடிச்சா கீழே மறுபடி துளிர்க்குமா?"

"மொட்டையான கிளை மொட்டைதான். ஆளுயரத்துக்கு அறுத்துட்டா காத்து உள்ளே பூந்து காயவைக்கும். விட்டுவச்சா நோய் மேல ஏறும். அப்புறம் மரமே மிஞ்சாது."

வெர்லின் மனசுக்குள் கணக்குப் போட்டார். அறுத்தால் மரம் பிழைக்கும், மறைப்பு போகும். அறுக்காவிட்டால் இரண்டும் போகும். ஆனாலும் அதற்குச் சில வருஷம் ஆகுமே! அதற்குள் எத்தனை தூக்கம் தூங்கலாம்!

"ஐயோ பாவம் மரங்க" என்றாள் ஆர்டிஸ். "டுவேன் ரம்பத்தை எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம் வேணாம், அவனுக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்கென்ன சிரமம்?" என்றான் டுவேன்.

"எடுத்துட்டு வரட்டுமே, வெர்லின்."

"அட, பரவாயில்ல. வேணாம்."

இங்கேதான் வினை. அந்த ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் ஜென்மப் பகை. ஆர்டிஸ் நிதானமாக ஒரு துண்டு கேக்கை அவர் தட்டில் வைத்தாள். முகத்தைப் பார்த்தாள். கனிவாகத்தான் பார்த்தாள்.

"நெஜமாத்தான் சொல்றேன். எடுத்துட்டு வரட்டும்."

வெர்லினின் நெஞ்சு வேண்டாம், வேண்டாம் என்று அலறியது. பால்குடி மறந்த நாளிலிருந்து பழகின வாய், "சரி, சிரமமில்லேன்னா..." என்றுவிட்டது.

டுவேன் எழுந்தே விட்டான். சாயங்காலத்துக்குள் மரங்கள் எல்லாம் முழங்காலுக்கு மேல் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றன. வெர்லின் மருந்தடித்தார். பாதி மருந்து, பாதி கண்ணீர்.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்தது. நாற்காலி எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துவிடலாம் என்று அடுப்படிக்குள் போனார். ஆர்டிஸைக் காணோம். நல்லதாகப் போயிற்று என்று ஜன்னலருகே நின்றார். அடிமரங்களுக்கு நடுவே ஏரி முழுசாக வந்து கண்ணில் விழுந்தது. வெள்ளி உருக்கி ஊற்றின மாதிரி தண்ணீர். அப்பப்பா, இத்தனை வருஷம் இதையா மறைத்து வைத்திருந்தோம் என்று அவருக்கே ஒரு கணம் மனசு இளகியது. கரையில் சிவப்பு நாற்காலி. அதில் காலை நீட்டி, தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு ஆர்டிஸ்.

தென்றல் வீசியது. தூரத்தில் லூன் கூவியது. ஆர்டிஸ் தொப்பியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"வெர்லின்! இங்கேருந்து பாத்தா நம்ம அடுப்படி என்ன அழகா தெரியுது தெரியுமா? அப்படியே நின்னு அந்தப் பாத்திரத்தையெல்லாம் கழுவு, நான் பாத்துக்கிட்டே தூங்கறேன்."