நாலு குவியல் முள்ளும் ஒரு நன்றியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். எங்கள் வீட்டு சோபா மட்டும் அவ்வளவு நலமில்லை, காரணம் கீழே வருகிறது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் நன்றி சொல்வதற்காக. நடுநடுவே புலம்பல் மாதிரி தெரிந்தால் அதையும் நன்றிக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளவும்.

இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், நடக்காவிட்டால் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். தெரிந்தும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காலமெல்லாம் தபால் நிலையத்தில் நின்றுகொண்டே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன், இனி எங்கே நடந்து யாரைப் பார்க்கப் போகிறேன் என்று டிவியைப் பார்த்தபடி கிடந்தேன். உண்மையைச் சொன்னால் பயம். மாடிப்படியில் நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலும் முடிந்தது கதை என்று உட்கார்ந்துவிடுவேன். உங்கள் அத்தை கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் பேச்சையே குறைத்துக்கொண்டாள். அப்போதுதான் நீங்கள் போனில், "மாமா, ஒரு உதவி. உங்க தண்ணித் தொட்டி மேட்டுல ஊதாப் பூ பூக்கிற முள்ளுச்செடி இருக்குல்ல? திஸில்னு சொல்வோம். வெளியிலேருந்து வந்தது இல்ல, அந்த மண்ணுலயே பிறந்தது. ஆராய்ச்சிக்கு வேணும். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. வகை பிரிச்சு அனுப்ப முடியுமா?" என்று கேட்டீர்கள். பிரிப்பதா! யாரிடம் கேட்கிறார் இந்தப் பிள்ளை என்று அன்றைக்கே செருப்பை மாட்டினேன்.

மேட்டில் ஏறிப் பாதிப் பை நிறைத்ததுமே தொட்டி வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். பையில் என்ன என்றார். முள்ளு என்றேன். "முள்ளைத் திருடவா சார் இப்படி மூச்சு வாங்க ஏறி வந்தீங்க?" என்று கேட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, "மொத்தத்தையும் எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் கடை பரப்பினேன். நிமிர்ந்த பூ ஒரு குவியல், தலை தொங்கிய பூ ஒரு குவியல், இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு படிந்தது ஒன்று, படியாதது ஒன்று. நாலு குவியல், நாலு வகை, நாலு சீட்டு, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்தேன் (ரத்தம்தான்). மறுநாள் போனால் ஒரே செடியில் மேல்கிளைப் பூ விறைப்பாக நிற்கிறது, கீழ்க்கிளைப் பூ தொங்குகிறது, ஓர் இலையில் பஞ்சு இருக்கிறது, பக்கத்து இலையில் இல்லை. முகவரியே இல்லாத கடிதத்தைக்கூட நான் ஏதாவது ஒரு பெட்டியில் போட்டிருக்கிறேன் மாப்பிள்ளை, இது நாலு முகவரியும் என்னுடையதுதான் என்கிறதே! விடுவேனா? நிழலில் முளைத்ததைப் பார்க்க ஒருநாள், பாறை இடுக்கில் முளைத்ததைப் பார்க்க ஒருநாள் என்று போய், எது எங்கே முளைத்தது என்று சீட்டு எழுதி வைத்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு படபடப்பதைக் கவனிக்க நேரமே கிடைக்கவில்லை.

செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தச் சொன்னீர்கள். நம் வீட்டில் கனமான புத்தகம் ஏது? சோபா மெத்தைக்கு அடியில் வைத்தேன். அன்றைக்குப் பார்த்து வீட்டு ஓனர் என் உடம்பை விசாரிக்க வந்தார். நல்ல மனிதர், நல்ல கனமும்கூட. "உக்காருங்க" என்று உங்கள் அத்தை சொல்ல, "உக்காராதீங்க" என்று நான் அலற, அவர் பெரிய மனசு பண்ணி இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். உட்கார்ந்த வேகத்தைவிட எழுந்த வேகம் அதிகம். உங்கள் அத்தை அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தது கூடம் வரை கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. ஓனருக்குப் பஞ்சும் மருந்தும் எடுத்துக் கொடுக்கும்போது என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, அவருக்காகத்தான் என்று நினைத்து அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

அன்று மாலை அவளே மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "இதுல என்னங்க குழப்பம்? நிழல்ல இருந்தா நெட்டையா வளருது, வெயில்ல இருந்தா குட்டையா பஞ்சு போத்திக்குது. எல்லாம் ஒரே செடிதான். நீங்களுந்தான் ஆபீஸ்ல ஒரு மாதிரி, வீட்ல ஒரு மாதிரி. உங்களை நான் ரெண்டாவா பிரிச்சேன்?" என்றாள். சீட்டுகளைக் கிழித்துப் போட்டு, நாலு குவியலையும் ஒன்றாக்கி, 'ஒரே வகை' என்று எழுதிப் பார்சல் கட்டிவிட்டேன்.

நேற்று டாக்டரிடம் போனோம். பரிசோதனை முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை என்றார். "அப்படி என்னதான் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். "முள்ளு" என்றாள் உங்கள் அத்தை. டாக்டர் பேனாவைத் திறந்து, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

மகளைக் கொடுத்து மகனை வாங்கினேன் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. உட்கார்ந்துவிட்டவனுக்கு வேலை கொடுத்தீர்கள், நன்றி. இனி மேட்டில் எனக்கு வேலையில்லை, நிம்மதியாக ஓய்வெடுக்கப் போகிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கைக்கு உறை போட்டுக்கொண்டு, நீண்ட காலம் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் போன் செய்தாள். நான் போனில் எடுத்து அனுப்பிய செடிப் படங்களைப் பார்த்தீர்களாமே. நாலும் இல்லை, ஒன்றும் இல்லை, இரண்டு வகையாம். இரண்டும் கலந்து பிறந்தவை வேறு நடுவில் நிற்கின்றனவாம். பார்சலைப் பிரித்துக் கொட்டியாயிற்று. சீட்டில்லாமல் எது எங்கே முளைத்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் முதலிலிருந்து. ஓய்வைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிடவும். தான் சொன்னதுதான் சரி என்று உங்களுக்கு நிரூபிக்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்ட உங்கள் அத்தை, "வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்று வாசலிலிருந்து கூப்பிடுகிறாள். பேனாவை மூடுகிறேன்.