மன்னர் பண்பட்ட மூன்று மண்டலங்கள்

மேட்டுப்பட்டினம் என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம். தப்பித்தவறிக் கிடைத்துவிட்டால் என் மேல் வழக்குப் போடுவார்கள். அரண்மனை மேட்டில் இருந்தது, குடிகள் பள்ளத்தில் இருந்தார்கள், நடுவில் கோடையிலும் வற்றாத பெரிய ஏரி இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிகள் பானையில் கூழாங்கல் போட்டு மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற நாள்களில் அவர்களை யாரும் தேடுவதில்லை.

அப்போதைய மன்னர் குணசாகரர். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இன்னும் நல்லவராக வேண்டும் என்ற ஆசைதான் அவரைப் பிடித்து ஆட்டியது. அயல்நாட்டிலிருந்து விவேகமூர்த்தி என்ற பயிற்சியாளரை வரவழைத்தார். நாட்டைத் திருத்த நினைப்பவர் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார் அவர். ஒரு நல்ல பழக்கம் படிய ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், ஆகுமாம். நடுவில் ஒருநாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்தாம். கேப்பையில் நெய் வடிகிறது என்று சொன்னால்கூட, சொல்கிற குரல் இனிமையாக இருந்தால் நம் ஆட்கள் பாத்திரத்தோடு போய் நிற்பார்கள். இவர் குரல் மிகவும் இனிமையானது.

வைகாசியில் முதல் மண்டலம் தொடங்கியது. விடியுமுன் எழுவது, நாள் முழுவதும் மௌனம் காப்பது.

அந்த வாரம்தான் பவளாயி மேட்டுக்கு ஏறி வந்தாள். ஏரி மடையைத் திறந்து மூடுவது அவள் வேலை. கரையின் அடியில் விரல் பருமனுக்குத் தண்ணீர் கசிவதை அவள் பார்த்துவிட்டாள். கரைக்கு நேர் கீழே முதல் வீடு அவள் மகள் பூவாத்தாளுடையது. பூவாத்தாளுக்கு ஐந்தாம் மாதம். ஐப்பசி மழைக்குள் கசிவை அடைத்தாக வேண்டும். ஆனால் அரச முத்திரை இல்லாமல் கரையில் மண்வெட்டி வைத்தால் அது ராஜத்துரோகம். முத்திரை கேட்டுத்தான் வந்தாள்.

தலைமை அமைச்சர் அடைக்கலநாதர் அவளை வாசலிலேயே நிறுத்தினார். "மன்னர் வளர்ந்துகொண்டிருக்கிறார் அம்மா. நடுவில் இடைஞ்சல் செய்யக் கூடாது" என்றார்.

மன்னரின் மௌனம் கலையாதிருக்க நாடு முழுவதும் மனுக்கள் நிறுத்தப்பட்டன. ஆட்டுக்கல் சத்தம் போடுகிறது என்று அதற்கும் தடை வந்தது; பள்ளத்தில் ஒரு மண்டலம் கஞ்சிதான். தண்டோரா, பறை எல்லாம் பறிமுதலாயின. கரையில் அபாயத்துக்கு அடிக்கும் முரசையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் மண்டலம் காது கொடுத்துக் கேட்பது. உண்மையாகக் கேட்பவர் பதில் சொல்லக் கூடாது, பதிலை நினைத்தாலே காது அடைத்துக்கொள்ளும் என்றார் பயிற்சியாளர். மன்னர் பவளாயிக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார். கசிவு இப்போது மணிக்கட்டுப் பருமன் ஆகிவிட்டதைச் சொன்னாள். மகள் வீட்டைச் சொன்னாள். மன்னர் கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அரண்மனை ஓவியர் அதை வரைந்தார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே காது நன்றாகத்தான் கேட்டது, அதுதான் கொடுமை. பவளாயி மூன்று முறை போனாள். முதல் முறையைவிட மூன்றாம் முறை இன்னும் உருக்கமாகக் கேட்டார்.

கேட்பதற்குக் குறை போதவில்லை என்று, வீட்டுக்கு ஒருவர் வந்து குறை சொல்லியே தீர வேண்டும் என ஆணை வந்தது. குறை இல்லாத இரண்டொருவர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். நாற்று நட வேண்டிய கைகளெல்லாம் வரிசையில் நின்றன. அந்தப் போகம் போயிற்று.

மூன்றாம் மண்டலம் பொறுப்பைப் பகிர்வது. எல்லாவற்றையும் தானே சுமக்கிறவர் நல்ல தலைவர் ஆக மாட்டாராம். "ஏரிக்கரை இனி உங்கள் பொறுப்பு" என்று பள்ளத்துக்கு ஓலை வந்தது. அட, கடைசியில் ஒரு வழி பிறந்ததே என்று எல்லோரும் மண்வெட்டியோடு ஓடினார்கள். அடைக்கலநாதர் குறுக்கே வந்து நின்றார். கொடுத்தது பொறுப்பைத்தான், அதிகாரம் மன்னரிடமே இருக்கும், அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குடிகள் இன்னும் வளரவில்லை என்று விளக்கினார்.

"அப்ப கரை ஒடஞ்சா யாருங்க பொறுப்பு?" என்று கேட்டாள் பவளாயி.

"நீங்கள்தான். அதைத்தானே அம்மா இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

மறுநாள் கசிவில் மண்மூட்டை போட்ட பதினோரு பேரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மகளையாவது மேட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றால், பள்ளத்து ஆட்கள் மேட்டில் தங்க அனுமதி கிடையாது. பவளாயி தெரிந்தவர் காலிலெல்லாம் விழுந்து பார்த்தாள்.

ஐப்பசி ஒன்பதாம் நாள், பட்டப்பகலில், கரை உடைந்தது. அடிக்க முரசு இல்லை, கொண்டுபோனது திரும்பி வரவே இல்லை. பவளாயி கத்திக்கொண்டே ஓடினாள். ஒற்றைத் தொண்டை எவ்வளவு தூரம் கேட்கும்? பூவாத்தாளுக்கு அன்று காலையில்தான் வலி எடுத்திருந்தது. எழுந்து ஓட முடியவில்லை. அறுபத்து மூன்று பேர் போனார்கள் என்று அரண்மனை அறிவித்தது. வயிற்றில் இருந்ததை அவர்கள் சேர்க்கவில்லை.

மன்னர் வந்தார். சேற்றில் வெறுங்காலோடு நடந்தார். "தவறு என்னுடையது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். மன்னர் ஒருவர் தவறை ஒப்புக்கொண்டதை அந்த நாடு அதுவரை பார்த்ததில்லை. தான் சொல்லித்தராத பழக்கம் தானாகவே படிந்துவிட்டது என்று விவேகமூர்த்தி பூரித்துப்போனார். பள்ளமே சேர்ந்து அழுதது. மன்னரே ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு என்று அதைக் கைவிட்டார்கள். அந்தப் பதினோரு பேர் மட்டும் சிறையிலேயே இருந்தார்கள். பொறுப்பு அவர்களுடையதல்லவா?

அடுத்த மாதம் பானைகள் வந்தன. செங்கோடர் என்ற கொத்தனார் மன்னரை எதிர்த்து நின்றார். தன்னைத் தேர்ந்தெடுத்தால் இரண்டே மாதத்தில் கரையைக் கட்டிவிடுவதாகச் சொன்னார். முகம் கடுகடுவென்று இருந்ததாம். அவருக்கு நாற்பது கல் விழுந்தது. குணசாகரர் பானை நிரம்பி வழிந்தது.

இத்தனை நேரம் மூன்றாம் மனிதன் மாதிரி கதை சொல்லிவிட்டேன். வெட்கம்தான் காரணம். நானும் பள்ளத்துக்காரன், பவளாயிக்குப் பக்கத்து வீடு. கல் போட்டுவிட்டுத் திரும்பும்போது வழியில் நின்றாள்.

"எந்தப் பானையில தம்பி போட்ட?"

மறைக்கத் தோன்றவில்லை. "மன்னருக்குத்தான் அக்கா. மனுஷன் அன்னிக்கு எப்படி அழுதாரு."

"எனக்கு இன்னும் அழுகையே வரல தம்பி" என்றாள்.