இரண்டு மணிக்குள் புறப்பட வேண்டும்

ஹபீல் ஐந்தாவது தடவையாகச் சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தன. எஞ்சின் மட்டும் எனக்கென்ன வந்தது என்று கிடந்தது. ஒரு இருமல், ஒரு முனகல்கூட இல்லை.

"ஏன் இன்னும் நிக்கிறீங்க?" என்று பின் சீற்றிலிருந்து மனைவி ஆஸியா உம்மா கேட்டார். வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்த பெண் வீட்டாருக்காக முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, பல்லுக்குள்ளேயே கேட்டார்.

"ஸ்டார்ட் ஆகுதில்ல."

"வெளையாடாதீங்க. மணி ஒண்டரை."

விளையாடுகிற நிலையிலா ஹபீல் இருந்தார்? மகன் அஹ்னாபுக்குப் பெண் பார்க்க அலவத்துகொடைக்கு வந்ததே தரகரின் நச்சரிப்புத் தாங்காமல்தான். தலையைக் காட்டி, தேநீரைக் குடித்து, "யோசிச்சு சொல்லி அனுப்புறோம்" என்று நழுவிவிடுவது திட்டம். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது. உண்மையான பெண் பார்ப்பு நாலு மணிக்கு, நாவலப்பிட்டியில். டாக்டர் பெண். ஒரு வருடமாக ஆஸியா உம்மா கண் வைத்திருந்த இடம். இரண்டு மணிக்குள் புறப்படாவிட்டால் கண்டி டவுனுக்குள் மாட்டி, போய்ச் சேர மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிடும். இந்த அவசரத்தை இந்த வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

பெண்ணின் தாய் மஸாஹிரா படியிறங்கி வந்தார்.

"என்ன நானா, காருக்குக் கோவமா?"

"சின்ன விஷயம் தங்கச்சி. இப்பச் சரியாகிடும்."

"ரஸீன்! கொஞ்சம் வாங்க மகன்!"

மூத்த மருமகன் ரஸீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சற்று முன் விருந்தாளிகள் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சாவியை வாங்கி காரை கேற்றைப் பார்க்கத் திருப்பி வைத்த மரியாதைக்காரர் அவர்தான். பொனட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார்.

"பெட்டரி, மாமா."

"ஹோன் அடிக்குது, லைட் எரியுது. எப்பிடிப் பெட்டரி?"

"ஹோனுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும் மாமா. ஸ்டாட்டருக்குத்தான் கூட வேணும்."

பிலிமத்தலாவையில் ஆணியும் பெயின்டும் விற்கிற ஹபீலுக்கு அது சரிபோலத்தான் பட்டது. ரஸீன் பெட்டரி வயர்களைக் கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, மறுபடி மாட்டினார். மாட்டியதுதான் தாமதம், கார் அலாரம் ஊரைக் கூட்டியது. ரிமோட்டை எத்தனை தரம் அமத்தியும் வாய் மூடவில்லை. லுஹர் தொழுதுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கேற்றுக்குள் வந்துவிட்டார்கள். அலாரம் ஒருவழியாக நின்றபோது பதினாறு பேர் காரைச் சுற்றி நின்றார்கள். பதினாறு பேரும் மெக்கானிக்குகள்.

"தள்ளிப் பாப்போமே."

"இது ஓட்டோ கியர்! தள்ளினா ஸ்டார்ட் ஆகாது!" என்றார் ஹபீல்.

"எங்கட வாப்பாட லொறி தள்ளித்தான் ஸ்டார்ட் ஆன."

"நியூட்ரலுக்குப் போட்டு ஒருக்காச் சாவியத் திருப்புங்க மாமா, சில நேரம் கியர்லதான் பழுது" என்றார் ரஸீன்.

அது கொஞ்சம் அறிவான பேச்சாக இருந்தது. ஹபீல் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை எடுத்தார். அதைத்தான் பதினாறு பேரும் எதிர்பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது. "யா அல்லாஹ்!" என்று ஒரே மூச்சில் தள்ளினார்கள். கார் சரிவில் சந்தோஷமாக ஓடி, கேற்றைத் தாண்டுவதற்குள் முன் சக்கரத்தை மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறக்கிக்கொண்டு நின்றது.

"இப்ப ரெண்டு வேல" என்றார் ரஸீன் மிகுந்த வருத்தத்தோடு.

மணி இரண்டேகால்.

ஆஸியா உம்மா கணவனை ஓரமாக இழுத்தார். "ஒரு வேன் பிடிங்க, போவோம்."

"நாலு பேருக்குக் கோல் பண்ணிட்டன். ஞாயித்துக்கிழம, எல்லா வேனும் கலியாணத்துக்குப் போய்ட்டு. அதோட, காரை இங்க விட்டுட்டுப் போனா நாளைக்கு எடுக்க வரணும். அப்ப என்ன சொல்ற, பொண்ண வேணாம், காரைத் தாங்கண்டா?"

அந்த நேரம் பார்த்து மஸாஹிரா, "பசியோட கார் தூக்கேலாது. சோறு ரெடி, எல்லாரும் வாங்க" என்றார்.

ஆஸியா உம்மாவின் சட்டப்படி, பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தைத் தொடலாம், சோற்றைத் தொடக் கூடாது. சோறு தின்றால் பாதிச் சம்மதம். ஆனால் ஹபீலின் காருக்காக வியர்வை சிந்திய பதினாறு பேர் பாயில் உட்கார்ந்துவிட்டபோது, அவர் மட்டும் முற்றத்தில் நின்று ஆகாயத்தைப் பார்க்க முடியுமா?

சஹன் வந்தது. ஆறு பேருக்கு ஒரு தட்டம். ஹபீலுக்கு வலப்பக்கம் அஹ்னாப், இடப்பக்கம் ரஸீன். இருக்கிறதிலேயே பெரிய இறைச்சித் துண்டை ரஸீன் விரலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார். ஒரே தட்டத்தில் கை போட்டு, தன் பங்கையும் தள்ளித் தருகிற மனிதனிடம் நாளைக்கு எந்த வாயால் வேண்டாம் என்பது? அப்படியிருந்தும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றார். இறைச்சி அவ்வளவு பதம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பதினாறு பேரும் காரைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். ஆஸியா உம்மா, "வெயில் தாங்கேலாது, அஞ்சு நிமிஷம்" என்று உள்ளே போனார்.

"ஸ்டாட்டர் மோட்டார் இறுகியிருக்கும். ஸ்பேனரால ரெண்டு தட்டுத் தட்டினாச் சரி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இனி யாரையும் நம்புவதில்லை என்று ஹபீலே காரின் கீழே படுத்தார். ஆத்திரத்தில் தட்டு கொஞ்சம் பலமாகிவிட்டது, இடமும் கொஞ்சம் தவறிவிட்டது. ஏதோ ஒரு பிளாஸ்டிக் போத்தல் உடைந்து, பச்சை நிறத் தண்ணீர் அவருடைய வெள்ளைச் சேர்ட் முழுக்க வழிந்தது.

"கழட்டித் தாங்க நானா, ஊறப் போடுறன்" என்று மஸாஹிரா ஒரு நீலச் சேர்ட்டை நீட்டினார். "இவர் கட்டாருக்குப் போக முந்தித் தைச்சது. உங்களுக்கு அளவாத்தான் ஈக்கும்."

அளவாகத்தான் இருந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல வந்தவர், சம்பந்தியாக வேண்டியவரின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். எரிச்சலில் அவருக்கு அழுகையே வந்தது.

மூன்றே முக்காலுக்கு நாவலப்பிட்டியிலிருந்து போன் வந்தது.

"எங்க நிக்கிறீங்க?"

"அலவத்துகொடையில. கார் பழுது."

"அங்க என்ன வேல?"

மஸாஹிரா தேநீர்த் தட்டோடு பக்கத்திலேயே நின்றார். ஹபீல் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சொந்தக்காரர் வீடு."

மஸாஹிராவின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஐந்து மணிக்கு நாவலப்பிட்டி மறுபடி அழைத்தது. அதற்குள் யாரிடமோ விசாரித்திருக்கிறார்கள். இந்த முறை பேச்சு சுருக்கம். ஒரே நாளில் இரண்டு வீடு பார்க்கிறவர்களுக்கு எங்கள் பெண் இல்லை, இனி வர வேண்டாம்.

ஒரு வருட ஆசை. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு ஹபீல் உள்ளே போனார். ஆஸியா உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் தெரிந்துவிட்டதா என்று பயந்து கிட்டப் போனபோதுதான், அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுவது தெரிந்தது. பக்கத்தில் பெண், நதா, இடுப்பில் கை வைத்து, பொனட்டை முறைத்துப் பார்க்கும் யாரோ ஒருவரைப் போல நடித்துக்கொண்டிருந்தாள். அது தான்தான் என்று ஹபீலுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நாவலப்பிட்டி..." என்று அவர் காதோடு ஆரம்பித்தார்.

"விடுங்க. இந்தப் புள்ள ஜன்னலால பாத்துப் பாத்து உங்க பதினேழு பேரையும் செஞ்சு காட்டின. வயிறு நோகுது. எங்கட வீட்டுல இப்பிடிச் சிரிச்சு எத்தின வருஷம்?"

அப்போதுதான் நதாவின் கையைக் கவனித்தார். அதில் கிடந்தது ஆஸியா உம்மாவின் வளையல்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அஹ்னாப் மூலையில் ஒரு கதிரையில் இருந்தான். காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவன், இப்போது வாயெல்லாம் பல்லாக, "கார் இன்னும் சரியாகல்லயா வாப்பா?" என்று கேட்டான். மகனின் முகத்தைப் பார்த்ததும் ஹபீலின் ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது. நல்லதுதான் நடந்திருக்கிறது என்று அவருக்கும் தோன்றியது.

வெளியே எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தார். ரஸீன் டிரைவர் சீற்றில் இருந்தார். கார் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த போத்தலுக்குப் பதிலாக ஒன்று தேடி மாட்டித் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது.

மஃரிப் தொழுதுவிட்டு, ஸலாம் சொல்லி, எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஹபீல் சாவியைத் தொட்டதுமே கார் ஸ்டார்ட் ஆனது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"உண்மையச் சொல்லுங்க மகன். என்னதான் பழுது?"

மாமியார் உள்ளே போய்விட்டாரா என்று ரஸீன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் தலையை நுழைத்துச் சொன்னார்:

"நாலு வருஷத்துக்கு முந்தி நான் பொண்ணு பாக்க வந்து, யோசிச்சுச் சொல்றமெண்டு எழும்பின அண்டைக்கும், மாமி என்ட வேனுல கழட்டி வெச்சது இதே வயரத்தான் மாமா."