மோதிர விரலும் முயற்சி சாரும்

"மனசு வெச்சா முடியாதது ஒண்ணு உண்டா?" என்று கேட்கும் இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? பல்வலிக்காரர், தூக்கம் வராதவர், தலை வழுக்கையானவர் எல்லோருக்கும் இந்த ஒரே மருந்துதான். கேட்காமலே ஊற்றும்.

அதில் அசல் சரக்கு நம் முயற்சி சார். அச்சகத்தில் மேற்பார்வையாளர். பட்டப்பெயரை வைத்தவர்கள் அங்கே வேலை செய்பவர்கள். அவரோ அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அவருடைய மகள் கீபோர்டு பழகுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி மேடையில் வாசிக்க வேண்டும். வேகமான ஓரிடத்தில் மட்டும் மோதிர விரல் தனியாக எழும்பாமல் நடுவிரலையும் கூட்டிக்கொண்டு வந்து தொலைத்தது. நம்மவர் பொறுப்பாரா?

"விரல் உன்னுது. நீ சொன்னா அது கேக்கணும். தனியா எழும்புற வரைக்கும் மேடையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

மகளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தோழிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், பாவம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எங்க, நீங்க தூக்கிக் காட்டுங்களேன். கையை மேஜையில வைங்க. நடுவிரலை உள்ள மடக்குங்க. ம், இப்ப மோதிர விரலை மட்டும்."

"இதெல்லாம் ஒரு விஷயமா?"

மனசு வைத்தார். புருவம் எழும்பியது, தோள் எழும்பியது, காது விடைத்தது, கடைசியில் நாற்காலியை விட்டு அவரே ஒரு சாண் எழும்பினார். விரல் அசையவில்லை. மகள் அழுகையை மறந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வெக்கை ஜாஸ்தி" என்றார்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாதே! அச்சகத்தில் துண்டுப் பிரசுரக் கட்டுக்குப் போடும் ரப்பர் வளையங்களால் மற்ற விரல்களைக் கட்டிப்போட்டு, மோதிர விரலுக்கு ரகசியப் பயிற்சி கொடுத்தார். கை வீங்கி, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் மருத்துவரிடம் போய் நின்றார். கதையைக் கேட்ட டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டுப் போட்டார்.

"ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தூக்கிவிடத் தனித் தசை இருக்கு சார். மோதிர விரலுக்கு அது இல்லை. நடுவிரலோட நாரும் அதோட நாரும் இணைஞ்சு கிடக்கு. அதை மடக்கி வெச்சா இது எப்படி எழும்பும்?"

"மனசு வெச்சா...?"

"எங்க வேணா வைங்க. விரலைத் தூக்குறதுக்குத் தசை வேணுமே!"

வீட்டுக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வாசிம்மா. தப்பு விழுந்தா விழட்டும்."

"விழாதுப்பா. அந்த இடத்தை இப்ப சுண்டு விரலால வாசிக்கிறேன்."

தப்பில்லாமல் வாசித்தாள். அரங்கமே கைதட்டியது. கட்டுப் போட்ட கையோடு தட்ட முடியாமல் தொடையில் அடித்துக்கொண்டு அழுதார் முயற்சி சார். திருந்திவிட்டார் என்கிறீர்களா? கண்ணைத் துடைத்த கையோடு அடுத்த நாற்காலிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"மோதிர விரலுக்குத் தனித் தசையே கிடையாது, தெரியுமா சார்? எங்க, கையைக் குடுங்க பாப்போம்!"

சிரிக்காதீர்கள். உங்கள் நடுவிரல் ஏற்கெனவே மடங்கிக் கிடப்பது எனக்குத் தெரியும். விரல் எழும்பவில்லையா? போகட்டும், அது நோயல்ல. அடுத்த அறையில் இருப்பவரை "இங்க வா, இதைச் செஞ்சு பாரு" என்று கூப்பிட வாய் எழும்புகிறதே, அதைத்தான் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.