கரடி வண்டிக்குப் புதுப் பிரேக்

"நிற்கத் தெரிந்தவன்..." என்று ஆரம்பித்து யானைத் தலைவர் ஒரு நல்ல வாக்கியம் சொன்னது. மலைப்பாதைத் திறப்பு விழாவில், மைக்கைத் தும்பிக்கையில் பிடித்துக்கொண்டு சொன்னது. அதற்குள் பந்தி போட்டாச்சு என்று யாரோ கத்த, கூட்டம் மொத்தமும் இலையைப் பார்த்து ஓடிவிட்டது. மீதி வாக்கியத்தைக் கேட்டவர் யாருமில்லை. இது நடந்தது ஒரு காட்டில்.

அந்தக் காட்டில் நஞ்சப்பன் என்றொரு கரடி பழைய ஜீப் ஒன்றை ஓட்டிவந்தது. அடிவாரத்தில் ஆட்களை ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி, மலையுச்சியில் இறக்கிவிடும். கூலி தேனாக. எஞ்சின் நல்ல எஞ்சின். கியர் ஒழுங்காக விழும். ஹாரனை அமுக்கினால் பக்கத்துக் காட்டுக் குயில் பாட்டை மறக்கும். பிரேக் மட்டும் கிடையாது.

கிடையாது என்று சொன்னால் கரடிக்குக் கோபம் வரும். "யாரு இல்லைன்னது? இருக்குது. கூப்பிட்டா வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்" என்னும்.

பெடலை நாலு தடவை மிதித்து, அஞ்சாவது தடவை எழுந்து நின்று மிதித்தால், சக்கர டிரம்முக்குள் உரசிப் பிடிக்கவேண்டிய லைனிங் தேய்ந்துபோய் லேசாக முனகும். வண்டி அதைக் கேட்டுக்கொண்டே போகும். ஆகவே நிறுத்துவதற்குக் காட்டில் வேறொரு முறை ஏற்பட்டிருந்தது. உச்சியில் சமதரை, அங்கே தானாக நின்றுவிடும். கீழே வரும்போது அடிவாரத்தில் இருந்த பெரிய கரையான் புற்றில் முட்டி நிற்கும். கரையான்கள் மறுநாளைக்குள் புற்றைத் திரும்பக் கட்டிவிடும். கூலியாகக் கரடி ஒரு மரக்கட்டை போட்டுவிட்டுப் போகும். இதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

நடுவழியில் நிற்கிற பேச்சே கிடையாது. ஏறுகிறவர்கள் ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள். இறங்குகிறவர்கள் நல்ல புல்லாகப் பார்த்துக் குதிப்பார்கள். தூரத்தில் டர்ரென்று சத்தம் கேட்டாலே ரோடு காலியாகிவிடும். மான்கள் குட்டிகளை இழுத்துக்கொள்ளும். நரி தன் கம்மங்கூழ் வண்டியை ஓரம் தள்ளும். செக்போஸ்ட்டில் காட்டுப்பன்றி முன்கூட்டியே கம்பத்தைத் தூக்கிவிட்டு சல்யூட் அடிக்கும். யானையே ஒதுங்கி, வானத்தில் ஏதோ பார்ப்பதுபோல் நிற்கும். இதையெல்லாம் கரடி, மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

கரடியின் மனைவி பூவாத்தாள். ஏழாவது வளைவில் ஒரு பலாமரம் உண்டு. அந்த மரம் வரும்போதெல்லாம், "ஏனுங்க, இங்கே ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்று பூவாத்தாள் சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் மரம் பின்னால் போய்விடும். கையை வெளியே நீட்டினால் வாசனை மட்டும் கிடைக்கும்.

ஒருநாள் புற்றில் முட்டி வண்டி நின்றது. பூவாத்தாள் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டு இறங்கியது. திரும்ப ஏறவில்லை.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து நான் சொன்ன எடத்துல ஒருக்காவாச்சும் நின்னிருக்கீங்களா?"

"வண்டி பழசு, புள்ள."

"நான் வண்டியச் சொல்லலீங்க."

அடிவாரத்திலேயே, ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில், அதன் அண்ணன் குகை இருந்தது. பூவாத்தாள் அங்கே போய்விட்டது. முழங்கால் வலிக்காரிக்கு அத்தனை வளைவும் நடந்து ஏற முடியாது. ஏறவும் மனசில்லை. "நான் கை காட்டற எடத்துல என்னைக்கு உங்க வண்டி நிக்குதோ, அன்னைக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டது.

கரடியும் விடாமல் போய்ப் பார்த்தது. புளியமரத்தடியில் பூவாத்தாள் மூட்டையோடு நின்று கை காட்டும். கரடி எழுந்து நின்று மிதிக்கும். ஜீப் பூவாத்தாளைத் தாண்டிப் போய்ப் புற்றில் முட்டும். கரடி இறங்கி நடந்து வருவதற்குள் புளியமரத்தடி காலியாக இருக்கும். உச்சியில் குகை ஓவென்று கிடந்தது. தேன் பானையில் கையை விட்டுவிட்டு, "கடைசியில கொஞ்சம் எனக்கு வைங்க" என்று ஒரு குரல் வருமென்று கரடி காத்திருக்கும். வராது. மீதியையும் தின்றுவிடும். இனிக்காது.

கரடி நேராக ஆற்றோரப் பட்டறைக்குப் போனது. மெக்கானிக், மாகாளி என்ற முள்ளம்பன்றி. ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் முதுகிலேயே இருக்கும். கருவி எது, முள் எது என்று அதற்கே சில சமயம் தெரியாது.

"லைனிங் மட்டும் மாத்திக் குடுத்தாப் போதும்" என்றது கரடி.

"அண்ணா, அது பல்லே இல்லாதவனுக்குப் பல்பொடி வாங்கிக் குடுக்கற கதை. டிரம்மையே கழட்டி ஆத்துல வீசுங்க. புது மாடல் டிஸ்க் பிரேக் ஒரு செட்டு நம்மகிட்ட இருக்குது. லேசா மிதிச்சாலே புடிக்க வைக்கற பூஸ்டரோட."

"எங்கிருந்து?"

"பள்ளத்துல ஒரு புது மாடல் வண்டி கெடந்துச்சு. அதுல கழட்டினது."

கரடி ஓரடி பின்வாங்கியது. "அவ்வளவு நல்ல பிரேக்குன்னா அது எதுக்குடா பள்ளத்துக்குப் போச்சு?"

"பிரேக்கெல்லாம் கச்சிதமாப் புடிச்சுதுங்கண்ணா. பின்னால வந்த வண்டிக்குத்தான் புடிக்கல."

பின்னால் வந்தது யார் வண்டி என்று கரடி கேட்கவில்லை. முள்ளம்பன்றியும் சொல்லவில்லை.

பிறகு வேலை ஆரம்பமானது. பழைய வண்டிக்குப் புது மாடல் சாமான் என்பது, சம்பந்தி வீட்டார் வந்து தங்குவதுபோல. ஒன்று உள்ளே வந்தால் நாலு வெளியே போகவேண்டும். டிஸ்க்கை மாட்டினால், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில் பழைய சக்கரம் உரசியது. பெரிய சக்கரம் போட்டால் மட்கார்டு இடித்தது. மட்கார்டை வெட்டினார்கள். பூஸ்டர் வைக்க இடமில்லாமல் பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில் போனது. சீட்டு உயர்ந்ததில் கரடியின் தலை கூரையில் இடித்தது.

"இப்ப என்ன பண்றது?"

"கூரையில ஓட்டை போட்டுக்கலாமுங்கண்ணா. காத்தும் வரும்."

போட்டார்கள். கழுத்துவரை வண்டிக்குள்ளும் தலை மட்டும் வெளியிலுமாகக் கரடி ஓட்டிப் பார்த்தது. முள்ளம்பன்றி பானெட்டில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தது. "மிதிங்கண்ணா!" கரடி பழைய ஞாபகத்தில் எழுந்து நின்று மிதித்தது. ஒரே மிதி. ஜீப் ஆணி அடித்தாற்போல் நின்றது. முள்ளம்பன்றி நிற்கவில்லை. பறந்துபோய் உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்தது. ஆனாலும் படம் எடுப்பதை நிறுத்தவில்லை.

புதரிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே அந்தப் படம் காட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. 'நமது பட்டறையில் பொருத்தியது. இனி கரடி வண்டி, சொன்ன இடத்தில் நிற்கும்.'

மறுநாள் காலை புளியமரத்தடியில் பூவாத்தாள் கை காட்டியது. நம்பிக்கையோடு காட்டவில்லை, வழக்கத்துக்குக் காட்டியது. ஜீப் அதன் காலடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பூவாத்தாள் சக்கரத்தைப் பார்த்தது. கூரைக்கு மேல் தெரிந்த கரடித் தலையைப் பார்த்தது. மறுபடி சக்கரத்தைப் பார்த்தது.

"நின்னுருச்சு" என்றது.

"நின்னுருச்சு" என்றது கரடியும்.

பிறகு பூவாத்தாள் மூட்டையை முதலில் ஏற்றியது.

முதல் வளைவில் ஒரு முயல் நடுரோட்டில் நின்று கை காட்டியது. கரடி நிறுத்தியது.

"மேல போகணுமா?"

"இல்லீங்கண்ணா. நிக்குதான்னு பார்த்தேன்."

இரண்டாவது வளைவில் நரி தன் கூழ் வண்டியை ரோட்டுக்கு நட்டநடுவே போட்டிருந்தது. "இனிமே எதுக்குங்க ஓரம்? நம்ம வண்டிதான் சொன்ன எடத்துல நிக்குதே! ஒரு சொம்பு குடிச்சுட்டுப் போங்க." மூன்றாவது வளைவில் மயில் ஒன்று தோகையை விரித்துக்கொண்டு குறுக்கே கடந்தது. பாதியில் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பியது. மறுபடி கடந்தது.

செக்போஸ்ட்டில் கம்பம் இறங்கியிருந்தது. காட்டுப்பன்றி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தது.

"பேப்பரெல்லாம் எடுங்க. பழைய வண்டியில புது மாடல் பிரேக் போட்டிருக்கீங்க. அனுமதி வாங்கினீங்களா?"

"பிரேக்கே இல்லாம இத்தனை வருசம் ஓட்டினனே, அப்ப ஒண்ணும் கேக்கலியே?"

"நின்னாத்தானுங்களே கேக்க முடியும்."

ஆறாவது வளைவுக்கு வருவதற்குள் வண்டியில் பாதிக் காடு ஏறியிருந்தது. ஓடிவந்து தொற்றத் தெரியாத ஆமை ஏறியது. குதித்து இறங்க பயந்த ஆடுகள் குடும்பத்தோடு ஏறின. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னது. நிறுத்திய இடத்தில் இரண்டு இறங்கி ஐந்து ஏறின. பூவாத்தாள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டது. மடியில் ஓர் ஆட்டுக்குட்டி உட்கார்ந்ததும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டது.

"ஏனுங்க."

"சொல்லு புள்ள."

"நான் சொன்ன எடத்துல நிறுத்துங்கன்னுதான் சொன்னேன். ஊரு சொன்ன எடத்துலயெல்லாமா நிறுத்தச் சொன்னேன்?"

"கையக் காட்டறாங்களே, என்ன பண்றது?"

"பழைய வண்டியே தேவலைங்க. அதுல யாருக்கும் நிக்கல, எனக்கும் நிக்கல. இதுல எல்லாருக்கும் நிக்குது. பலாமரத்துக்குப் போய்ச் சேர்ற மாதிரிதான் தெரியல. அடுத்த தடவ நிறுத்தினீங்கன்னா நானும் எறங்கிக்கறேன். எங்கண்ணன் வீட்டுக்கு இறக்கம்தான்."

பூவாத்தாள் சொன்னால் செய்துவிடும்.

ஆறாவது வளைவுக்கு அப்பால் பாதை கொஞ்ச தூரம் கீழே இறங்கி, பிறகு ஏழாவது வளைவுக்கு ஏறும். அந்த இறக்கத்தின் அடியில், ரோட்டுக்குக் குறுக்கே, யானைத் தலைவர் கால் நீட்டிப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"தலைவரே, கொஞ்சம் வழி..." என்று கரடி, வண்டியை இறக்கத்தில் மெதுவாக ஊரவிட்டபடி, கூரைக்கு மேலிருந்து கத்தியது.

"வா நஞ்சப்பா. நீதான் நிக்கற வண்டி ஆச்சே, அப்படியே நில்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"அன்னைக்கு விழாவுல பேசினீங்களே, நிற்கத் தெரிந்தவன்னு... மீதி என்னங்க?"

யானை காதை ஆட்டி யோசித்தது. "அதுவா? எழுதிக் குடுத்தது நரி. பந்தின்னு சத்தம் கேட்டதும் நானும்தானே ஓடினேன்."

பின்சீட்டில் பூவாத்தாள் மூட்டையை இறுக்கிக் கட்டும் சத்தம் கேட்டது. ஒரு கால் வெளியே வந்துவிட்டது.

கரடி கியரைப் போட்டது. ஹாரனை அமுக்கியது. கூரை ஓட்டைவழியே முழுக்கழுத்தையும் நீட்டி, காடு அதிரக் கத்தியது: "பிரேக் போச்சூ!"

பழகிய காடு. யாரும் யோசிக்கவில்லை. ஆடுகள் நல்ல புல்லாகப் பார்த்துக் குதித்தன. ஆமை ஓட்டுக்குள் போய்த் தானாக உருண்டு இறங்கியது. யானைத் தலைவர் எழுந்தது தெரியவில்லை. ஓரத்தில் நின்று வானத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்ததுதான் தெரிந்தது. மடியிலிருந்த ஆட்டுக்குட்டிகூடப் போய்விட்டது.

பூவாத்தாளும் வெளியே நீட்டிய காலோடு குதிக்கத்தான் பார்த்தது. அதற்குமுன் ஒருமுறை குனிந்து கரடியின் காலைப் பார்த்தது. கால் பிரேக்கின்மேல் பூப்போல இருந்தது. பூவாத்தாள் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஏழாவது வளைவு திரும்பியதும் ஆள் அரவம் இல்லை. பலாமரத்தடியில், பழம் கைக்கு எட்டுகிற இடத்தில், ஜீப் சத்தமில்லாமல் நின்றது.

"இன்னும் ஒரு முழம் முன்னால" என்றது பூவாத்தாள்.

ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

இரண்டும் பழத்தைப் பிளந்து தின்றுகொண்டிருந்தபோது முள்ளம்பன்றி போன் பண்ணியது. "என்னங்கண்ணா, பிரேக் பெயிலுன்னு குரூப்பெல்லாம் ஒரே பேச்சு! எம் பேரு என்னாகறது?"

"பிரேக் நல்லாத்தான் இருக்குது மாகாளி. இல்லைன்னு சொல்லப்போறேன். உனக்கு ஒரு அடை தேன் தனியா வந்துரும்."

"சரிங்கண்ணா. ஆனா பழிய சாமான் மேல போடுங்க, வேலை மேல போடாதீங்க. புது மாடலெல்லாம் தகரம்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

நம்பினார்கள். நரி கூழ் வண்டியை ஓரம் தள்ளியது. காட்டுப்பன்றி கம்பத்தைத் தூக்கிவிட்டு சல்யூட்டுக்குத் திரும்பியது. 'அப்பவே சொன்னேன்' என்று முயல் குழுவில் எழுதியது.

கரடி புதுப் பிரேக்கைக் கழற்றவில்லை. ஜீப்பின் முன்னால் 'பிரேக் பிடிக்காது' என்று பெரிதாக எழுதி ஒரு பலகை மாட்டியது. அடிவாரத்தில் இனியும் புற்றில் முட்டித்தான் நிறுத்துவது, ஆனால் முட்டுவதற்கு முன் மெதுவாகப் பிரேக்கை மிதித்துக்கொள்வது என்று முடிவு செய்தது.

நீதி: நிற்கத் தெரிந்தவன், அதை வீட்டில் மட்டும் சொல்லவேண்டும்.