பச்சைத் தங்கம்

கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளையைத் தனியாக ஆய்வுக்கூடத்தில் விடக் கூடாது. (கல்யாணம் ஆனவனை விடலாம், அவனிடம் தங்கம் இருக்காது.)

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சினால், மிச்சமிருக்கும் காற்று மின்னேற்றம் பெற்று அயனிகளாகி, உள்ளே இருக்கும் உலோகத்தின் மேல் சரமாரியாக மோதும். உலோகத்தின் அணுக்கள் தெறித்துப்போய் எதிரே உள்ள கண்ணாடித் தகட்டில் படியும். வெள்ளியில் செய்து பார்த்தாயிற்று. தங்கத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்தபடி என் விரலைப் பார்த்தேன். நிச்சயதார்த்தத்தில் மாமனார் போட்ட மோதிரம் பளபளத்தது. புத்தி போன போக்கு அப்படி.

குழாயிலிருந்து வெளியே வந்த மோதிரத்தில் பளபளப்பைக் காணோம். மேலெல்லாம் குழிகுழியாக, அம்மை வடு விழுந்த முகம் மாதிரி இருந்தது. அப்படியே மாட்டிக்கொண்டேன்.

மாமனாருக்கு ஸ்ரீரங்கம். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை. எந்த மூட்டையையும் அழுத்திப் பார்க்காமல் நம்பமாட்டார். நான் பெண் பார்க்கப் போன அன்று என்னையும் அப்படித்தான் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாமாவும் அத்தையும் எதிரே வந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, மோதிரம் மங்கிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. அயனி மோதினதுல அப்படி ஆயிடுச்சு."

"அயனியா?" அத்தையின் குரல் உயர்ந்தது. "யாருங்க அந்தப் பொண்ணு?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐயோ, பொண்ணு இல்லீங்க அத்தை! கண்ணுக்கே தெரியாது! குழாய்க்குள்ள இருக்கு!"

(தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.)

மாமா என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நான் போட்ட மோதிரமே இல்லை. வித்துட்டுக் கில்ட்டு வாங்கிப் போட்டிருக்கீங்க. இது தெளியற வரைக்கும் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகாது."

அவர்கள் மகள் கமலாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நாளைக்கே கல்லூரிக்கு வாங்க, காட்டுகிறேன் என்று கெஞ்சினேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். கண்ணாடித் தகட்டை மாமாவிடம் கொடுத்தேன். "மோதிரத்துல குறைஞ்ச தங்கமெல்லாம் இதுலதான் இருக்கு."

அவர் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். "பச்சையால்ல தெரியுது?"

அத்தை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தார். "பச்சைன்னா களிம்பு. களிம்புன்னா செம்பு. ஏங்க, மோதிரத்தை எங்க வாங்கினீங்க?"

"நம்ம சித்தப்பா பையன் கடையிலதான்..."

"மலிவாப் போட்டுத் தந்தாரா?"

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். பார்சல் ஆபீஸில் அவர் மூட்டைகளைப் பார்க்கும் பார்வையால் அவரையே இப்போது அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அத்தை, அது சொக்கத் தங்கம்தாங்க. தங்கத்தை ரொம்ப மெல்லிசாக்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா பச்சையாத்தான் தெரியும்."

சத்தியமான விஞ்ஞானம். அத்தையின் கண் கலங்கிவிட்டது. "உங்க மானத்தைக் காப்பாத்த எப்படிப் பொய் சொல்றாரு பாருங்க! இந்தப் பிள்ளையப் போயி சந்தேகப்பட்டீங்களே!"

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியில சொல்லிடாதீங்க மாப்பிள்ளை."

அந்த வாரமே பத்திரிகை அச்சானது.

கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தைப் பிரித்துக் காட்டிக்கூட விளக்கிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லும் பொய்க்கு எங்கள் வீட்டில் பச்சைத் தங்கம் என்றே பெயர் ஆகிவிட்டது. இன்றைக்கும் ரசம் பிரமாதம் என்று நான் வாயைத் திறந்தால், கமலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"நெசமாவா, பச்சைத் தங்கமா?"